பல்லி சொன்னால் கேட்கணுமா? வீட்டுச் சாத்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகு என் போனுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்தன. "பெரியம்மா, குழந்தையைத் தாண்டிட்டேன், இப்ப என்ன செய்யணும்?" "சித்தி, தோளில் பல்லி விழுந்திடுச்சு, எந்தத் தோள் நல்லது?" பாட்டியோடு அதிக வருஷம் இருந்தவள் நான் என்பதால் இந்த இலாகா என் தலையில் விழுந்தது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து வைத்தேன். எங்களுடையது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூட்டுக் குடும்பம். உங்கள் வீட்டில் இதே வழக்கம் தலைகீழாகவும் இருக்கலாம்.

இருட்டின பிறகு நகம் வெட்டாதே, வீடு கூட்டாதேன்னு ஏன் சொன்னாங்க?

இருக்கிறதிலேயே சுலபமான கேள்வி இதுதான். அரிக்கேன் வெளிச்சத்தில் பிளேடால் நகம் வெட்டிய காலம் அது. விரல் தப்புவதே பெரிய பாடு. வெட்டிய நகம் தெறித்து எங்கே விழுந்தது என்றும் தெரியாது.

விளக்கு வைத்த பிறகு கூட்டினால் "லட்சுமி போயிடுவா" என்பாள் பாட்டி. ஒரு நாள் சித்தியின் மூக்குத்தித் திருகாணி காணாமல் போனது. வீடே தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில், முந்தின சாயங்காலம் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த குப்பையைப் பாட்டி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஈர்க்குச்சியால் மெதுவாகக் கிளறினாள். தலைமுடிச் சுருளுக்குள் திருகாணி சிக்கியிருந்தது. லட்சுமி யாரென்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

குழந்தையைத் தாண்டினா வளராதா?

வளரும். தாண்டியவர் கால் இடறிக் குழந்தை மேல் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் பயம். மறுபடி எதிர்ப்பக்கமாகத் தாண்டினால் சரியாகிவிடும் என்ற பரிகாரம்தான் எனக்கு விளங்கவே இல்லை. ஆபத்தான வேலையை இரண்டு தடவை செய்யச் சொல்கிறார்கள்.

நம்ம முன்னோர் சொன்ன எல்லாத்துக்கும் பின்னாடி அறிவியல் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?

சிலவற்றுக்கு நடைமுறைக் காரணம் இருந்தது, மேலே சொன்ன திருகாணி மாதிரி. எல்லாவற்றுக்கும் இருந்தது என்பது, முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் காரணம் தேடுகிற வேலை. சின்னப் பிள்ளையில் எங்களுக்கு யாரும் அறிவியல் சொன்னதில்லை. "ஆகாது" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். காரணங்களெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தவை.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரையில் பிரசவம், வெயிலில் தாயும் பிள்ளையும் வாடுவார்கள், அதனால்தான் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடி போனதும் ஆவணியில் ஊரெல்லாம் கல்யாண மேளம். ஆவணியில் உண்டானால் பிரசவம் வைகாசியில், அதாவது கத்திரி வெயிலின் வாலில். வெயில்தான் காரணம் என்றால் ஆவணியையும் அல்லவா தள்ளிவைத்திருக்க வேண்டும்? ஆடிப்பட்டம் விதைப்பு வேலை, வீட்டில் கையில் காசில்லாத நேரம் என்று இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். அது கொஞ்சம் பொருந்துகிறது. அதையும் அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

பல்லி விழுந்தா பஞ்சாங்கம் பார்க்கணுமா?

பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் "பல்லி விழும் பலன்" என்று ஒரு பட்டியல் இருக்கும். தலை, நெற்றி, தோள், முழங்கால் என்று உடம்பையே பங்குபோட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் வலம் மாற்றிப் பலன் எழுதியிருப்பார்கள். விழுவதற்கு ஒரு பலன், கத்துவதற்கு இன்னொரு பலன். பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி "ச்சு ச்சு" என்றால், "பார்த்தியா, பல்லியே சொல்லுது" என்று பாட்டி விரலால் தரையைத் தட்டுவாள். இதெல்லாம் நேற்று வந்ததில்லை. சங்கப் பாட்டுகளிலேயே பிரிந்திருக்கும் தலைவிக்குப் பல்லியின் குரல் ஆறுதல் சொல்கிறது.

தலையில் விழுந்தால் பயம் அதிகம் என்பதால் அதற்குப் பரிகாரமும் பெரிது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் போகும் என்பார்கள். எங்கள் அத்தை ஒருத்தி, பிற்பாடு பல்லி விழுந்தால் உதவட்டும் என்று முன்கூட்டியே தொட்டுவிட்டு வந்தாள். இன்ஷூரன்ஸ் மாதிரி. இதை நம்பாத ஆட்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்ற பழமொழியை வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

அப்ப பல்லி விழுந்த சாப்பாடு விஷமில்லையா?

வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அதனால் வாந்தி பேதி வரலாம். சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள். பஞ்சாங்கம் வேண்டாம்.

காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்களா?

எங்கள் வீட்டில் காக்கா தினமும் கத்தும். விருந்தாளியும் வாரத்துக்கு நாலு நாள் வருவார். பொருந்தாமல் போக வழியே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த நம்பிக்கை இது. குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. பிரிந்து போன தலைவன் திரும்பி வந்து, தலைவியைத் தேற்றி வைத்திருந்ததற்காகத் தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, எல்லாம் விருந்து வருமென்று கரைந்த காக்கையின் புண்ணியம், அதற்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு படைத்தாலும் போதாது என்கிறாள். அந்தப் பாட்டைப் பாடியவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பேர் நிலைத்துவிட்டது. காத்திருக்கிறவர்களுக்கு ஒரு சத்தம் போதும். எங்கள் பாட்டிக்கும் அப்படித்தான். பம்பாயிலிருந்து மாமா லெட்டர் போடாத மாதங்களில்தான் காக்கா பேச்சு அதிகம் வரும்.

வெளியே கிளம்பும்போது தும்மினா ஏன் உட்காரச் சொல்றாங்க? 'எங்கே போறே'ன்னு ஏன் கேட்கக் கூடாது?

ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் நல்லது என்று எங்கள் வீட்டுக் கணக்கு. தடை வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் மறந்துபோன குடை, சாவி, சில்லறை எல்லாம் ஞாபகம் வரும் என்பதால் எனக்கு இதில் ஆட்சேபமில்லை. தும்மியவரை வாழ்த்துகிற பழக்கம் திருக்குறளிலேயே வருகிறது. ஊடலில் பேசாமல் இருக்கிறாள் அவள்; "நீடு வாழ்க" என்று அவள் வாயால் கேட்பதற்காகவே தும்முகிறான் அவன். இன்னொரு குறளில் அவன் தும்ம, வாழ்த்திவிட்டு உடனே அழுகிறாள்: எவள் நினைத்ததால் தும்மினீர்?

"எங்கே போறே" விஷயம் வேறு. கேட்டால் காரியம் கெடும் என்பார்கள். பதினோரு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் செருப்பு மாட்டும்போது பத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அவர் எப்போது கிளம்புவது?

உப்பு தீர்ந்து போச்சுன்னு சொன்னா பாட்டி ஏன் வாயைப் பொத்தினாங்க?

"உப்பு நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்பதுதான் எங்கள் வீட்டு மொழி. அரிசிக்கும் அதே. விளக்கை "அணை" என்று சொல்லக் கூடாது, "குளிர வை" என்று சொல்ல வேண்டும். நெல் அளக்கும்போது "ஒண்ணு" என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு "லாபம்", அப்புறம்தான் "ரெண்டு, மூணு". ராத்திரியில் பாம்பு என்ற பேச்சே வராது, "பூச்சி" என்பார்கள்.

இது மூடநம்பிக்கையா என்று கேட்டால், பாதி இலக்கணம் என்பேன். நன்னூலில் தகுதி வழக்கு என்று ஒன்று உண்டு. அதன் மூன்று வகைகளில் ஒன்று மங்கலம். மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது. பள்ளிக்கூடத்தில் உதாரணம் படித்திருப்பீர்கள்: செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பது. பத்தாம் வகுப்பில் தமிழய்யா இதை நடத்தியபோது, பாட்டி எழுதப் படிக்கத் தெரியாமலே நன்னூல் பேசுகிறாளே என்று தோன்றியது. நாம் எல்லோருமே இன்றைக்கும் "இறந்துட்டார்" என்று சொல்லாமல் "தவறிட்டார்" என்கிறோம். பாட்டி அந்த மரியாதையை உப்புக்கும் கொடுத்தாள்.

இதில் சங்கடமும் உண்டு. புதிதாக வந்த சின்னச் சித்தி, "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று கேட்டதை அப்படியே நம்பி, உலை வைத்துவிட்டுப் பானையைத் திறந்து பார்த்து முழித்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ்.

கண் துடிச்சா என்ன அர்த்தம்? எனக்கு ஒரு வாரமா இடது கண் துடிக்குது.

பெண்ணுக்கு இடம் நல்லது, ஆணுக்கு வலம் நல்லது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண் துடிக்கும், மாதவிக்கு வலக்கண். ஒருத்திக்குப் பிரிவு முடியப் போகிறது, மற்றவளுக்குத் தொடங்கப் போகிறது. கம்பராமாயணத்தில் சீதை தன் இடக்கண் துடித்ததைத் திரிசடையிடம் சொல்கிறாள். இலக்கியத்தில் எனக்கு இது ரொம்ப இஷ்டம்.

உங்கள் கண்ணுக்கு வேறு பதில். தூக்கமின்மை, மனஅழுத்தம், காப்பி, ஓயாமல் திரை பார்ப்பது, இவற்றால் இமைத் தசை துடிக்கும், தானாக நின்றுவிடும். வாரக் கணக்கில் நிற்கவில்லை, கண் தானாக மூடிக்கொள்கிறது, கன்னமும் வாயும் சேர்ந்து இழுக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள்.

ராகு காலம் எப்படிக் கணக்குப் போடறாங்க? காலண்டர்ல இருக்கிறது சரியா?

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு விடுகிறார்கள். "திருநாள் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாக்கியம் அதற்கு ஞாபகக் குறிப்பு. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

காலண்டர் காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொள்கிறது. பொங்கல் சமயத்தில் சென்னையில் உதயத்துக்கே ஆறரை மணி தாண்டிவிடும். சாஸ்திரப்படியே கணக்குப் போட்டால் அன்றைய திங்கட்கிழமை ராகு காலம் சுமார் 8 மணிக்குத்தான் தொடங்கும். அதாவது 7.30க்குப் பயந்து வாசலில் நின்றுவிட்டு, 9 மணிக்கு நிம்மதியாக வண்டியை எடுக்கிறவர், அசல் ராகு காலத்துக்குள்தான் கிளம்புகிறார். இதை என் அண்ணனிடம் சொன்னேன். பாதுகாப்புக்கு இரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிடலாம் என்றான்.

வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட சுயமரியாதைக் குடும்பங்களும் தமிழ்நாட்டில் உண்டு. புரோகிதர் இல்லாத அந்தத் திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. என் கணவரின் பெரியப்பா அப்படிக் கல்யாணம் செய்தவர். மற்ற தம்பதிகள் மாதிரியே சண்டை போட்டுக்கொண்டு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்.

திருஷ்டி கழிச்ச மிளகாய் நெடி வரலைன்னா கண் பட்டது உண்மைதானே? நானே பார்த்தேன்.

நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மிளகாய் அரைகுறைச் சூட்டில் கருகும்போதுதான் காரம் ஆவியாகிக் கமறும். நன்றாகக் கனன்ற கரியில் போட்டால் காரமே எரிந்து போய்விடும், நெடி குறையும். கல்லுப்பு படபடவென்று வெடிப்பது அதற்குள் சிக்கிய ஈரம் ஆவியாவதால். சந்தேகமிருந்தால் யாரையும் சுற்றாமல் நாலு மிளகாயை எடுத்து, ஒன்றைத் தோசைக்கல்லிலும் ஒன்றைத் தணலிலும் போட்டுப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான்.

ஆனால் ஒன்று. ராத்திரி முழுக்கச் சிணுங்கின குழந்தையை மடியில் கிடத்தி, "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, பேய்க் கண்ணு" என்று பாட்டி சுற்றும்போது, களைத்துப்போன தாய்க்கு ஐந்து நிமிஷம் ஓய்வு கிடைத்தது. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. கண்ணுக்குள் மை மட்டும் தீட்டாதீர்கள். சில மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

கிரகணத்தின்போது உலக்கை தானா நிக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கோவை, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். நான் திண்டுக்கல்லில் தங்கை வீட்டில் இருந்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். நின்றது! தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிரகணம் எதுவுமில்லாத மத்தியானத்தில், அதே தாம்பாளம், அதே உலக்கை, நானும் தங்கை மகனும். மூன்றாவது முயற்சியில் நின்றது. அடியில் பூண் தட்டையாக இருந்தால் பொறுமையுள்ள யாரும் எந்த நாளிலும் நிறுத்தலாம். மற்ற நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தது பக்கத்து வீட்டுப் பாப்பா மட்டும்.

மாசமா இருக்கேன். கிரகணத்துல வெளியே வந்தா குழந்தைக்கு உதடு பிளந்திடும்னு மாமியார் பயப்படறாங்க.

கருவின் மேலுதடு கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள் உருவாகி ஒட்டிவிடுகிறது. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் கிரகணம் வந்து அதைப் பிளக்க முடியாது. முதல் வாரங்களிலும் சூரிய சந்திர நிழல் கருவைத் தொடுவதில்லை. உதட்டுப் பிளவுக்கு மரபணுவும், புகைபிடித்தல், தாய்க்குச் சர்க்கரை நோய், சில மருந்துகள் போன்றவையும் காரணமாகலாம். அதனால் கவலை இருந்தால் ஃபோலிக் அமில மாத்திரையை விடாதீர்கள்.

சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது கர்ப்பிணிக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்குமே கெடுதல், விழித்திரை வெந்துவிடும். சந்திர கிரகணத்தை யாரும் தாராளமாகப் பார்க்கலாம். வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் இருந்துவிடுங்கள். ஆனால் மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்றால் அதற்கு மட்டும் இசையாதீர்கள்.

புளியமரத்தடியில தூங்கினப்ப நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்தாங்க. அமுக்குவான் பேய்தானே?

எனக்கும் நடந்திருக்கிறது, மெத்தையில், மூன்றாவது மாடியில். கனவு வரும் தூக்கத்தில் உடம்பு தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும், கனவில் ஓடும்போது நிஜமாக எழுந்து ஓடாமல் இருக்க. சில சமயம் மனம் முன்னால் விழித்துக்கொள்ளும், தசை பின்னால். அந்த இடைவெளியில் அசைய முடியாது, கத்த முடியாது, யாரோ இருப்பது போலிருக்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். புளியமரம் பாவம்.

சனிப் பிணம் தனியாப் போகாதுன்னாங்க. எங்க தெருவுல அப்படியே நடந்துச்சே?

எங்கள் தெருவிலும் நடந்தது. பாடையில் கோழிக்குஞ்சு கட்டியும் நடந்தது. சொந்தபந்தம், தெரு, அடுத்த ஊர் என்று வட்டத்தை விரித்துக்கொண்டே போனால் சில வாரங்களில் ஒரு சாவு கிடைத்துவிடும். செவ்வாய்க்கிழமை போனவருக்கும் இப்படித் துணை கிடைக்கும், ஆனால் யாரும் எண்ணுவதில்லை. மேலே சொன்ன உலக்கைக் கதைதான்.

என் சொந்த சாட்சியம் வேண்டுமானால்: ஊறவைத்த பச்சரிசியைத் தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று பாட்டி விரட்டுவாள். நான் படி படியாகத் தின்றவள். என் கல்யாணத்தில் பந்தலே சரிந்த மழை. "சொன்னேனே" என்றாள் பாட்டி, நனைந்த புடவையோடு. முகூர்த்தம் வைத்தது ஐப்பசியில்.

இதெல்லாம் சும்மா விளையாட்டுதானே, எதுக்கு எதிர்க்கணும்?

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் எனக்கும் எதிர்ப்பில்லை. ஒரு சாத்திரம் வந்தால் நான் உண்மையா பொய்யா என்று முதலில் பார்ப்பதில்லை; அதற்கு விலை கொடுப்பது யார் என்று பார்ப்பேன். பல்லிக்கும் உப்புக்கும் யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் பெரிய அத்தை இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். அப்பா வெளியூர் கிளம்பச் செருப்பை உதறும் சத்தம் கேட்டதும், யாரும் சொல்லாமலே, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். வளர்ந்த பிறகுதான் அது ஏனென்று எனக்கு உறைத்தது. பால் காய்ச்சுவது அவள், ஜுரத்துக்குக் கண்விழிப்பது அவள், எதிரே வந்தால் மட்டும் அபசகுனம். தங்கை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போன அன்று, "அத்தை எதிரே வந்தாத்தான் போவேன்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி வந்து நின்றாள். கணக்கில் தங்கைக்கு 62 மார்க். அவள் எப்போதும் வாங்குவதும் அதுதான்.

பொண்ணுக்கு மூல நட்சத்திரம், வரன் தட்டிப் போகுது. என்ன செய்யலாம்?

முன் கேள்வியின் தொடர்ச்சி இது. "பெண் மூலம் நிர்மூலம்" மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, விசாகம் மைத்துனனுக்கு ஆகாது, பூராடம் நூலாடாது, அதாவது கழுத்தில் தாலி தங்காது. இருபத்தேழு நட்சத்திரத்தில் நாலு போயிற்று, அதுவும் பெரும்பாலும் பெண் பிள்ளைக்கு மட்டும். அதே மூலத்தில் பிறந்த ஆண் அரசாள்வானாம்.

ஜாதக நேரத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லும் தரகர்கள் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு அப்படிச் செய்து, கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்து, வாழ்நாள் முழுக்கப் பேச்சுக் கேட்டாள். மாற்றாதீர்கள். மூலம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காகப் போகிற வரன் போகட்டும்.

பெரியம்மா, உங்களுக்கு ஒண்ணுமே நம்பிக்கை இல்லையா?

என் மகன் வேலைக்காக வெளிநாடு போன அன்று, விமான நிலைய வாசலில் "போறேம்மா" என்றான். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்றேன். சிரித்தான். செக்யூரிட்டி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நான் அவன் சட்டைக் கையை விடவில்லை. சொன்ன பிறகுதான் விட்டேன்.